பழமலையின் தொண்டை

வெயில் காலத்தில் விருத்தாசலத்தில் மூக்கை நம்ப முடியாது. பீங்கான் கம்பெனிகளின் மண்தூசி மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பரீட்சைக்குப் படிப்பதை ஐப்பசி மழை முடிந்த பிறகு ஆரம்பித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். நான் எதையும் அவசரத்தில் செய்கிறவன் இல்லை.

பரீட்சை என்றால் ஒயின் பரீட்சை. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் புதுச்சேரியில் அவர்கள் காலத்து ஒயின் மண்டி ஒன்று நடக்கிறது. நுகர்ந்து, ருசித்து, சரக்கைத் தரம் பிரிக்க ஆள் எடுக்கிறார்கள். மொத்தம் மூன்று பரீட்சை. முதலாவதை 1967இல் தேறினேன். நடுப் பரீட்சையும் தேறிவிட்டால் வேலை நிச்சயம். நான் இங்கே பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலவையை ஆறு வருஷமாகத் தயாரிக்கிறவன். இந்தத் தூசியை விட்டுப் போக எனக்கு வேறு வழி இல்லை.

ருசி பார்ப்பவன் குடிக்க மாட்டான். வாயில் வாங்கி, நாக்கில் உருட்டி, துப்பிவிடுவான். இதைக் கேட்ட பிறகுதான் அந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதையே வந்தது. யாராவது குடிப்பதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அந்த ஈர உதடு, தொண்டை ஏறி இறங்குவது, கடைசியில் புறங்கையால் துடைத்துக்கொள்வது, எல்லாமே. நான் துப்பிய கிண்ணத்தைக் கழுவும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நடுப் பரீட்சையில் கெட்ட ஒயினைப் பற்றிக் கேட்பார்கள். புளித்துப்போனது, தக்கையின் பூசண நாற்றம் ஏறியது, இதெல்லாம் சுலபம். கஷ்டம் ஒன்றில்தான். பழைய காலத்து வியாபாரிகள் புளித்த ஒயினில் ஈயத்தைக் கலந்து இனிப்பாக்கி விற்பார்களாம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. முழுங்கிய பிறகு தொண்டையில் என்ன நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிடிக்க முடியும் என்று பாடப் புத்தகம் சொன்னது. அந்தக் கேள்விக்கு இருபது மார்க். ஈயம் உள்ளே போனால் உடம்பு என்ன ஆகும் என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. அதையும் படித்தேன்.

கிளேஸில் சேர்க்கும் ஈயப்பொடி என் அறையில் மூட்டையாகவே கிடந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு தொண்டை.

பழமலை எங்கள் கம்பெனியில் மண் மிதிக்கிறவன். கருவேப்பிலங்குறிச்சிக்காரன். கள்ளச்சாராயத்துக்காக எத்தனை மைலும் நடப்பான். வாரம் மூன்று நாள், வேலை விட்டதும் என் வீட்டுக்கு வந்தால் புதுச்சேரிச் சரக்கு தருகிறேன், பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது என்றேன். சத்தியம் செய்தான். முதல் நாள் என் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா சார், வாயில வாங்குனத துப்புறீங்க? இதுக்கா பாண்டிலேருந்து பஸ்ஸுல கொண்டாறீங்க?"

"நீ துப்ப வேணாம். முழுங்கிட்டு, தொண்டையில எப்படி இருக்குதுன்னு மட்டும் சொல்லு."

"மொதல்ல வெல்லப்பாகாட்டம் எறங்குதுங்க. அப்பறம் துருப்புடிச்ச ஆணிய நக்குனாப்ல நிக்குது."

அப்படியே குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் சொன்னதை நம்பிப் பரீட்சை எழுத முடியுமா? பன்னிரண்டு வாரம் கொடுத்தேன். சில கோப்பையில் ஈயம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அவனுக்கு எதுவும் தெரியாது. ஆறாவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். எட்டாவது வாரம், புத்தகத்தில் போட்டிருந்தபடியே, ஈறில் ஈயத்தின் நீலக்கோடு விழுந்திருந்தது. அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது எவ்வளவு அருவருப்பு என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. பத்தாவது வாரம் அவன் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. இடது கையால் வாங்கி, சட்டையெல்லாம் வழியவிட்டுக் குடித்தான். எனக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவன் பெண்டாட்டி ஆராயி என்னைக் கம்பெனி வாசலில் நிறுத்தினாள்.

"சார், அவரு கையி தொங்கிப்போச்சுங்க. சோறு பெசய முடியல, நான்தான் ஊட்டி வுடறேன். நீங்க படிச்சவங்க, என்னா ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

குடியை விடச் சொல் என்றேன். நியாயமான புத்திமதிதான். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் அவன் வந்தான், நான் ஊற்றினேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மாசியில் பரீட்சை நடந்தது. ருசி பார்க்க ஆறு கோப்பை வைத்தார்கள். ஈயம் கலந்ததை வைக்கவில்லை. விஷத்தை யார் வைப்பார்கள்? அந்தக் கேள்வி எழுத்துத் தாளில் மட்டும் வந்தது. பழமலை சொன்னதைக் கொஞ்சம் திருத்தி எழுதினேன். இருபதுக்குப் பத்தொன்பது. துருப்பிடித்த ஆணி என்ற உவமையைப் பரீட்சை வைத்தவரே பாராட்டினார்.

நான் தேறிய சேதி வந்த அன்றுதான் பழமலை வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் செத்தான். ஈறைப் பார்த்த டாக்டர் ஆராயியைக் கேள்வி கேட்டிருக்கிறார். சாவதற்கு முன்பே அவன் அவளிடம் என் பெயரை உளறிவிட்டானாம். குடிகாரன் சத்தியம் அவ்வளவுதான்.

ஈயம் என்று தெரிந்தே கொடுத்தேன். செத்துப்போவான் என்று தெரிந்த பிறகும் கொடுத்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் ஏட்டு, நான் அவனோடு சேர்ந்து உட்கார்ந்து குடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.