இன்னொரு கட்டில்

— பையைக் கீழ வைங்கம்மா. டாக்டர் பார்க்காம மருமகளைக் கூட்டிட்டுப் போகக்கூடாது.

— டாக்டர் பார்த்து என்ன புதுசா சொல்லப் போறாரு? நாள் இருக்குன்னு நேத்தே சொல்லிட்டாரு. அது வரைக்கும் அவ இந்தச் சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நான் கேக்கறேன் சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா ஜெயிலா?

— ஆஸ்பத்திரி பக்கத்துக் கட்டடம். இது பிரசவ நேரம் வரைக்கும் தங்குற விடுதி. மொதப் பிள்ளையை ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க? இப்போ வலி வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது. உங்க வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். மழை வேற பிடிச்சிருக்கு.

— மழை வருஷா வருஷம் பெய்யுது. ஆறு எங்களுக்கு என்ன புதுசா? அவ தனியாப் படுத்துப் பழக்கமில்ல. அங்க பேரன் அம்மா அம்மான்னு அழுது தொண்டை கட்டிப் போய்க் கெடக்கான். சரி, நான் துணைக்கு இருக்கேன்னா, பொழுது சாஞ்சதும் வாட்ச்மேன் ஆட்டை விரட்டற மாதிரி விரட்டறான்.

— ஒருத்தருக்கு ஒரு கட்டில்தாம்மா. விதி அப்படி.

— அந்த விதியை எழுதினவன் பிள்ளை பெத்திருக்கானா? அதான் மத்த கட்டிலெல்லாம் காத்து வாங்குது.

— மெதுவாப் பேசுங்கம்மா, விருந்தாளி இருக்காங்க. இவங்க பக்கத்து நாட்டு நர்ஸ். அங்க ரொம்ப வருஷமா இந்த மாதிரி விடுதி நடத்தறாங்க. அதைப் போய்ப் பார்த்துட்டு வந்துதான் நாங்க கட்டினோம்.

— வேற நாடா? பார்த்தா நம்ம வீட்டுப் பொண்ணாட்டம் இருக்கா!

— எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சுதாம்மா. கொஞ்சம் உக்காருங்க.

— எங்க கண்ணு உக்கார? வண்டிக்காரத் தம்பி வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான். உனக்குக் கல்யாணம் ஆச்சா?

— இல்லம்மா.

— அப்போ உனக்குச் சொன்னாப் புரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.

— அம்மா, அவங்க ஊர்ல இடம் கிடைக்கிறதே கஷ்டம். இங்க மட்டும் ஏன் யாரும் தங்க மாட்டேங்கறாங்கன்னு பார்க்கத்தான் இவங்களை வரவழைச்சோம்.

— சிஸ்டர், நானும் ஒண்ணு கேக்கறேன். எங்க விடுதியில அடுப்படி இருக்கே, இங்க காணோமே?

— கேன்டீன் சாப்பாடு வந்துடுதே. அதனால அடுப்படி வேண்டாம்னு பிளான்லேயே எடுத்துட்டோம். அங்க ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்துலயும் இன்னொண்ணு கெடந்துச்சே, அதையும்தான். இடத்தை அடைக்குதுன்னு.

— அதுலதான் துணைக்கு வர்ற மாமியாரும் மூத்த பிள்ளையும் படுப்பாங்க.

— அதை யாரும் சொல்லவே இல்லையே!

— நீங்க கட்டடத்தை அளந்தீங்க, போட்டோ எடுத்தீங்க. ஆரம்பத்துல எங்க விடுதியும் ஈயாடிக்கிட்டுத்தான் கிடந்துச்சுன்னு நாங்களும் வாயைத் திறக்கல. ஜெயிச்சதை மட்டும் காட்டி அனுப்பிட்டோம். எங்க தப்பும்தான்.

— கேட்டீங்களா சிஸ்டர்? அங்கயும் யாரும் தங்கல!

— தங்கலம்மா. வந்தவங்களும் கிளம்பிட்டாங்க. உங்களை மாதிரியே ஒரு அம்மா, மருமக அழுததைத் தாங்க முடியாம கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுல சூடா ஆக்கிப் போட்டாத் தெம்பா இருப்பாள்னு.

— அதுல என்ன தப்பு? பெத்த தாய்கூட அதைத்தான் செய்வா. அப்புறம்?

— அன்னிக்குன்னு பார்த்து ஆத்துல வெள்ளம். வலி வந்துடுச்சு. வண்டி இறங்க முடியல. கட்டிலோட தூக்கிட்டு வந்து கரையில நின்னாங்களாம். எதிர்க்கரையில ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிர்லயே தெரிஞ்சுதாம்.

— ஐயோ, போதும். புள்ளைத்தாச்சி காதுல விழப் போவுது. போயிட்டாளா?

— போயிட்டாங்கம்மா. புள்ளையை மட்டுந்தான் காப்பாத்த முடிஞ்சுது. அதுக்கப்புறந்தான் எங்க ஆளுங்க வீடு வீடாப் போய், ஏன் தங்க மாட்டேங்கறீங்கன்னு பொம்பளைங்ககிட்டயே கேட்டாங்க. அடுப்படியும் இன்னொரு கட்டிலும் அப்போ வந்ததுதான்.

— அப்போ இங்கயும் ஒருத்தி செத்தாத்தான் கட்டில் வருமா? சொல்லுங்க சிஸ்டர். என் மருமகதான் கிடைச்சாளா?

— அம்மா, அப்படியெல்லாம் பேசாதீங்க...

— கேட்டது நியாயம்தான் சிஸ்டர். அம்மா, இங்க யாரும் சாக வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்க ஊர்ச் சாவு ஒண்ணே ரெண்டு ஊருக்கும் போதும்.

— இன்னிக்கே கட்டில் போடச் சொல்றேம்மா. நீங்க இருங்க, பேரனும் இருக்கட்டும். பின்கட்டுல அடுப்பு மூட்டிக்குங்க. மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.

— வாட்ச்மேன்?

— அவர் உங்ககிட்ட வாயே திறக்க மாட்டாரு.

— எலே தம்பி, ஹாரனை நிறுத்துடா! நாங்க வரல. போய்ப் பேரனைக் கூட்டிட்டு வா. அவன் போர்வையையும் எடுத்துக்கோ, அது இல்லாமத் தூங்க மாட்டான்... ஏன் கண்ணு, ஒண்ணு கேக்கறேன். அந்த மாமியாக்காரியை ஊர் சும்மாவா விட்டிருக்கும்?

— விடல. மருமகளைக் கொன்னவள்னு முகத்துக்கு நேராவே சொன்னாங்க.

— பாவி, பாசத்துலதானே கூட்டிட்டுப் போனா. நானும் இப்போ பையோட கிளம்பினவதானே. அப்புறம் காலம் பூரா அவ என்னதான் பண்ணினா?

— என்னை வளர்த்தாங்கம்மா.