பாலத்து மேல இருக்கோம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஆற்றுப் பாலத்து ரோட்டில் ஈ காக்கை இல்லை. பொட்டுப் பொட்டாக மழை… வாடகைக் காரை ஓட்டியவர் என் நண்பனுடைய தாய்மாமா. பின் சீட்டில் தளபதி.

தளபதியை யாருக்குத்தான் தெரியாது? எதிரியின் டாங்கிகள் நெருங்கியபோது விசையை அழுத்திப் பழைய பாலத்தைத் தகர்த்தவர். அதோடு போரில் ஜெயித்தோம். பள்ளிப் பாடத்தில் அவர் படம், தபால்தலையில் அவர் முகம். அன்று வெற்றி நாள். அக்கரையில் இருக்கும் நினைவுத்தூணுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்புகிறார்.

அப்பேர்ப்பட்டவர் தன் வண்டியில் ஏறியதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய அண்ணனும் அந்தப் போரில் செத்தவன். இருபது வயது. உடம்பு கிடைக்கவில்லை. எதிரி சுட்டதாகச் சொல்லி அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுத்தது.

"எங்க அண்ணனும் உங்க படையிலதான் சார் இருந்தாரு."

தளபதி சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பழைய பாலம் இருந்த இடத்திலேயே கட்டிய புதுப் பாலம் அது. அதன் நடுவில் வண்டி விக்கியது… நின்றது. சேற்று வாடை. கூடவே மயிர் கருகும் நாற்றம். பின் கதவுக் கண்ணாடியில் டொக்… டொக்… டொக்.

நனைந்த சீருடை. இடது காது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மாமாவுக்கு முகம் அடையாளம் தெரிந்தது. அண்ணன். அதே இருபது வயசு.

அவன் தளபதிக்கு விறைப்பாக சல்யூட் அடித்தான். "சார்… நாப்பது பேரு இன்னும் பாலத்து மேல இருக்கோம். ஓடி வந்துடறோம் சார். அழுத்தாதீங்க."

தளபதி சாய்ந்த சாய்வு மாறவில்லை. "வருஷா வருஷம் இதே பாட்டுதான்," என்றார். "அன்னிக்கு வயர்லெஸ்ல கத்தினான், இன்னிக்கும் கத்தறான். நாப்பது பேருக்காக நாட்டை விட முடியுமா? வண்டியை எடுப்பா."

அண்ணன் முன்பக்கம் வந்தான்.

"சின்னவனே… கதவைத் திறடா. குளிருது."

கை கதவைத் திறக்கத்தான் போனது, சத்தியமாகப் போனது என்று மாமா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அண்ணனுக்குப் பின்னால் மழைக்குள்ளிருந்து காலடிகள்… பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று… ஒருத்தர் இரண்டு பேரல்ல. கை கதவைப் பூட்டிவிட்டது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

"நல்ல பிள்ளை," என்றார் தளபதி.

அவரை இறக்கிவிட்டு மாமா வீடு வந்தார். வாசல் கதவு திறந்து கிடந்தது. மூன்று வருஷமாகப் படுத்த படுக்கையாக இருந்த அம்மா, கையில் துண்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"பெரியவன் வந்துட்டான்டா… தொப்பலா நனைஞ்சு. நீ கதவைத் திறக்கலையாமே?" குரலில் கோபமே இல்லை. "கூட நிறையப் பேரு வந்திருக்காங்க. உள்ள நிக்க இடமில்லை. வா, எல்லாருக்கும் தலை துவட்டணும்."

அவள் முதுகுக்குப் பின்னால் இருட்டு. சொட்டு… சொட்டு… சொட்டு…

மாமா திரும்பி ஓடினார். அம்மாவை அங்கேயே விட்டுவிட்டுத்தான். விடியும்வரை காருக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தார்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். தரை காய்ந்திருந்தது. அம்மா தன் கட்டிலில் கிடந்தாள், கட்டையாக. போர்வையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். உடம்பை ஒருக்களித்துத் திருப்பியதும் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கலங்கல் தண்ணீர்… மணலோடு.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஆத்துல விழுந்தாங்க?"