ராணிக்குக் கொண்டுபோன தலைப்பாகை

அன்னதாதா, எனக்குச் சோறிடும் அரசே, பதினெட்டு முழத் தலைப்பாகையைப் பிரித்து மடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். இத்தனை வருஷம் உங்கள் அரண்மனையில் பாடிப் பிழைத்த எனக்கே அது அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கேட்காமல் இருந்தீர்கள். இன்று கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் தெற்கே போர்முனையில் இருந்தபோது, உங்களுக்குப் பதில் உங்கள் வாளை மணையில் வைத்து ராணி பதன் கன்வருக்குக் கல்யாணம் நடந்தது. வாளைக் கொண்டுபோனவன் உங்கள் கவிராயன் மேகதானாகிய நான். பிறகு மூன்று வருஷம், முகமே பார்க்காத உங்கள் இருவருக்கும் நடுவே கவிதை சுமந்தவனும் நான்தான்.

"நல்லதா ஏதாச்சும் நீயே சொல்லிரு மேகதான், எனக்கு எங்க அதெல்லாம் வருது?" என்பீர்கள். சொன்னேன். நூற்றிருபத்தேழு ஈரடிகள். ராணி பதிலுக்குப் பாடியதை நான் வந்து சொல்லும்போது பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள். சந்தைக்குச் சந்தை அந்தக் காதலைப் பாடினார்கள்.

அப்புறம் போரில் உங்கள் கால் ஒன்று போயிற்று. ஊர் திரும்பும் வழியில், கடைசித் தங்கலில், மோர் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "போனதும் பாட்டெல்லாம் உன்னோடதுன்னு அவகிட்டச் சொல்லிடப் போறேன். பொய்யில குடித்தனம் வேணாம்ப்பா."

நல்ல மனுஷர் பேசுகிற பேச்சுதான். எனக்குத்தான் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட காதல் ஊன்றுகோல் சத்தத்திலும், ரொட்டிக்கு உப்புப் போதவில்லை என்ற பேச்சிலும் போய் முடிவதா? ராணி தாங்க மாட்டார் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் செய்தேன்.

மறுநாள் காலை நீங்கள் படிக்கிணற்றில் குளிக்க இறங்கியபோது தலைப்பாகை கல்மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஒட்டகத்தைக் கிளப்பினேன். ஆள் வராமல் தலைப்பாகை மட்டும் வீடு வந்தால் அவன் செத்தான், மனைவி சிதையேற வேண்டும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதையும் என்னைப்போல் அரசனைப் பாடும் குலத்தவன், ஒரு சாரணன், கொண்டுவந்தால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீட்டினேன், அவ்வளவுதான்.

ராணி சமையல்கட்டில் இருந்தார், கையெல்லாம் மாவு. அழவில்லை. தலைப்பாகையை மடியில் வாங்கிக்கொண்டு, "கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

மோர் குடித்தார் என்றேன். அது உண்மை.

"பாட்டெல்லாம் உங்களோடதுன்னு முதல் மாசமே தெரியும் கவிராயரே. சண்டையில இருக்கற மனுசனுக்கு நிலாவப் பத்தி அவ்வளவு கவலை இருக்குமா? பொழுது போகணுமேன்னு நானும் பதில் பாடினேன். போன வாரம் அவரே ஒட்டகக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பிச்சாரு. 'கால் ஒண்ணு போச்சு, பொறுத்துக்க. கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் செஞ்சு வை'ன்னு. அன்னைக்குத்தான் அவரு எனக்குப் புருசனானாரு."

அப்போது உச்சிவெயில். சிதைக்குக் கட்டை அடுக்கி முடிக்க மாலையாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தது, அன்னதாதா. இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. வரவர விழுங்கினேன். நூற்றிருபத்தேழையும் பொழுதுபோக்கு என்று சொன்ன வாயை எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து அடுத்த ஈரடியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

என் பாட்டைப் பாடியபடியே தீயில் இறங்கினார் என்று இன்று சந்தைகளில் பாடுகிறார்கள். அதுவும் நான் கட்டியதுதான். அவர் எதையும் பாடவில்லை. பிசைந்த மாவை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, தலைப்பாகையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார். காயத்தோடு மெல்லப் பயணம் செய்து, விடிந்ததும் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்குவதில்லை, கண் மூடினால் மாவுக் கை தெரிகிறது. சாரணனைக் கொன்றால் வம்சம் விளங்காது என்றுதானே தயங்குகிறீர்கள்? அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று சபை நடுவே சத்தியம் செய்கிறேன். வெட்டிவிடுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

அதற்கு முன்னால் நூற்றிருபத்தெட்டாவதை மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நன்றாக வந்திருக்கிறது.