யாரும் படிக்காத பலகை

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பலகைகளைப் படிப்பதில்லை, கேப்டன். கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். தலைநகர் லீமாவிலிருந்து இந்தப் பாலைவன ஊருக்குப் பானை ஓடு பார்க்க எவனும் வரமாட்டான். அவர்களை நிற்க வைக்க ஒரு பிணம் வேண்டும்.

எங்களிடம் ஒரு மம்மி இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பெண். இயக்குநராக நான் புதுக் கண்காட்சிக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். பழம்பொருள்களைப் பராமரித்துவந்த டெல்ஃபினா, ஊர்க்காரர்களோடு சேர்ந்து அதைத் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டாள்.

"செத்தவளுக்கும் மானம் இருக்கு டாக்டர். கேக்காமத் தூக்கிட்டு வந்தோம். கொண்டுபோய் விட்டுட்டேன்."

"அப்ப கண்ணாடிப் பெட்டியில யாரு உக்காருவா?"

"நீங்களே உக்காருங்களேன். பொருத்தமாத்தான் இருக்கும்."

கையருகே பழங்காலத்துக் கல் தடி ஒன்று இருந்தது. அதில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அதற்கு நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

பராமரிப்பு வேலை என்று கூடத்தை மூடினேன். உப்பும் மணலும் வெயிலும், நம் முன்னோருக்குச் செய்ததை அவளுக்கும் செய்தன. கிடங்கிலிருந்த துணி முகமூடி ஒன்றை முகத்தில் கட்டினேன். திறந்த பிறகு வாசல் தாண்டி வரிசை நின்றது. நீங்களே இரண்டு முறை வந்தீர்கள். சின்ன மகளைத் தோளில் ஏற்றிக் காட்டினீர்கள்.

பலகையில் நான் எதையும் மறைக்கவில்லை. 'பெண். வயது நாற்பதுக்கு மேல். பின்மண்டையில் அடிபட்டு இறந்தவள்.' காலம் மட்டும் குறிப்பிடவில்லை. பொய் எழுதுவது என் வழக்கமில்லை.

டெல்ஃபினாவின் அக்கா ஹெர்மெலிந்தா எங்கள் வாசலில் ஊதாச் சோளக் களி விற்கிறவள். காணாமல்போன தங்கை தங்கப் பல் தெரியச் சிரிக்கும் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, களி வாங்குகிறவர்களிடமெல்லாம் விசாரிப்பாள். இறந்தோர் நாளன்று, செத்தவர்களுக்குப் படைக்கக் குழந்தை உருவில் சுடும் ரொட்டியோடு பெட்டி முன்னால் வந்து நின்றாள்.

"என் தங்கச்சிக்குச் சுட மாட்டேன். அவ உசுரோட இருக்கா. உனக்குத்தான் யாருமில்லையே தாயி. இந்தா, சாப்பிடு."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இப்படி உருகுகிற பார்வையாளர் கிடைப்பது அபூர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொட்டியைப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். எறும்பு வந்தது. நான் லீமா போயிருந்த அன்று, மருந்தடிக்க வந்தவன் பெட்டியைத் திறந்தான். எறும்பு போன வழியே முகமூடியை விலக்கியவன் கண்ணில் தங்கப் பல் பட்டது. பிறகுதான் நீங்கள் கைவிலங்கோடு வந்தீர்கள்.

உணவுப் பொருள் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சொன்னேனே, யாரும் படிப்பதில்லை.