வெறும் வயிற்றில்

காலையில் குமட்டுவதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன சார். ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் தின்றால் குமட்டும். தூக்கம் கெட்டால், பித்தம் ஏறினால், சர்க்கரை இறங்கினால் குமட்டும். பஸ் பயணத்தை நினைத்தாலே குமட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரணம், அதுவும் பெண்பிள்ளைக்கு வந்தால். இவர்களை வைத்துக்கொண்டுதான் பதினோரு வருஷமாகப் பாசனதாரர் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறேன். என் சலிப்பு உங்களுக்குப் புரியும்.

கலைமகள் என் தம்பி பிரபுவின் மனைவி. அடுத்தடுத்த வீடு, கொல்லை ஒன்றுதான். பிரபு சிங்கப்பூரில் இருக்கிறான். வந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தலைமடையில் அவன் பங்கு இரண்டு ஏக்கரையும் நான்தான் பயிர் செய்துகொண்டிருந்தேன். போன மார்கழியில் அந்த நிலத்துக்குப் பவரை அவள் பேருக்கு எழுதி அனுப்பினான்.

"இந்தக் குறுவைக்கு நானே நட்டுக்குறேன் மாமா. தெரியாததை யூடியூப்ல பாத்துக்குவேன்" என்றாள்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். தை மாதம் சங்கக் கூட்டத்தில், பாசன இன்ஜினியர் முன்னால் எழுந்து நின்றாள். "தலைவர் வயல்ல தண்ணி நிக்குது, கடைமடையில நெலம் வெடிச்சுக் கெடக்கு. மதகுச் சாவி யார்கிட்டங்க இருக்கு?"

சாவி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தியவரும் சிரித்தார்.

பங்குனியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்கு முழங்கால் வீங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை வாங்கி வந்தது நான்தான். தீரத் தீர மூன்று தடவை வாங்கிக் கொடுத்தேன். பகையை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

சித்திரை பிறந்ததும் காலைதோறும் கொல்லையில் ஓங்கரிக்கும் சத்தம். பக்கத்து வீட்டு மாலதி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, கலைக்கு மேலுக்கு முடியலியா?"

பையிலிருந்த மாங்காய் நான்கை எடுத்து, மாலதி கண்ணில் படும்படி, கலைமகள் வீட்டு வாசற்படியில் வைத்தேன். நல்ல புளிப்பு மாங்காய். மாலதி மாங்காயைப் பார்த்தாள். பிரபு சிங்கப்பூர் போன மாசத்திலிருந்து விரலை மடக்கி எண்ணினாள். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எட்ட இருபது நாள் ஆகும். இது பொழுது சாய்வதற்குள் எட்டிவிட்டது.

கலைமகள் ஸ்கேன் எடுத்துவந்து வீடு வீடாகக் காட்டினாள். வயிற்றில் எதுவும் இல்லை என்று அதில் போட்டிருந்தது. "இப்ப இல்லன்னா, இருந்ததைக் கலைச்சிருப்பா" என்றாள் மாலதி. எங்கள் தெருவில் விஞ்ஞானத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

வைகாசியில் பிரபு போன் பண்ணினான். "அண்ணே, கேள்விப்படுறதெல்லாம் நெசமா?"

"நான் வயல்ல கெடக்குறவன்டா. பொம்பளைங்க விஷயம் எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

இதில் எங்கே சார் பொய்? அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். பவரை ரத்து செய்து என் பேருக்கு மாற்றினான். அந்த இரண்டு ஏக்கருக்கும் நானே நாற்று விட்டேன்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் காலை கலைமகள் எங்கள் மதகில் ஒதுங்கிக் கிடந்தாள். தண்ணீரை நிறுத்தி உடலை எடுக்க, ஷட்டரை இறக்கச் சாவி வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய் இறக்கிக் கொடுத்தேன். தலைவர் என்றால் எல்லாவற்றுக்கும்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

கருப்பையில் ஒன்றுமில்லை, இரைப்பை முழுக்கப் புண் என்று அறுத்துப் பார்த்த டாக்டர் எழுதியிருந்தார். ஊரே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. மருந்துக்கடை அரவிந்தன் மூன்று தடவையும் சொல்லித்தான் கொடுத்தான், "சாப்புட்டுட்டுத்தான் போடணும், இல்லன்னா வயித்தப் பொரட்டிரும்ணே" என்று. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கவரில் 'காலை, வெறும் வயிற்றில்' என்று எழுதியிருப்பது என் கைதான். மற்ற இரண்டு கவரிலும் அதையேதான் எழுதினேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை நான் தப்பாகச் சொன்னேன் என்று ஊரில் ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்கள். பேசியதெல்லாம் அவர்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரு சின்ன விஷயம். மதகில் அன்றைக்கு ஷட்டரை இறக்கினதிலிருந்து எனக்கும் காலையில் குமட்டிக்கொண்டே இருக்கிறது. வெறும் வயிற்றில் டீ குடிப்பதால்தான் சார்.