அடி சிவந்த மரப்பாச்சி

என் பெயர் ஆசைத்தம்பி, வயது முப்பத்தாறு, தகப்பனார் பெயர் கோட்டைச்சாமி. காரைக்குடியை அடுத்த மானகிரியில் மனைவி முத்துமாரியுடனும் கைக்குழந்தையுடனும் குடியிருந்து வருகிறேன். தச்சு வேலை செய்கிறேன். நிலை, கதவு செய்வதுதான் பிழைப்பு. கேட்டு வருபவர்களுக்குப் பொம்மையும் செதுக்குவேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் நான் சேர்க்கப்பட்டதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு ஜன்னல்கூடச் செய்து கொடுத்ததில்லை.

அசலை வைத்துக்கொண்டு நகலை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று என்மேல் புகார் கொடுத்துள்ள கண்டனூர் உடையப்பன் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் இருக்கிறார், விசேஷங்களுக்கு மட்டும் ஊருக்கு வருவார். பழைய மரப்பொம்மைகளைச் சேர்ப்பதில் பெரிய பித்து உள்ளவர். எந்தப் பொம்மையைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் பார்ப்பார். பழசென்றால் அடி கறுத்து வழுவழுவென்று இருக்கும், புதுசென்றால் மரத்தின் சிவப்பு தெரியும் என்பது அவர் கணக்கு.

கடந்த சித்திரையில் அவர் தன் வீட்டு மரப்பாச்சி ஒன்றையும், ஒரு பழைய செம்மரக் கட்டையையும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அந்த மரப்பாச்சி பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவானது. அதைப் பெங்களூரில் இவரைப் போலவே பொம்மை சேர்க்கும் ஒருவருக்குக் கொடுக்கப் போவதாகவும், அது போனது பங்காளிகளுக்குத் தெரியாமலிருக்க அலமாரியில் வைப்பதற்கு அதேபோல் இன்னொன்று வேண்டும் என்றும் சொன்னார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பொம்மையைக் கையில் வாங்கிய பிறகு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. நகல் செய்யவே சொல்லவில்லை, கால் விரிசலை ஒட்டத்தான் கொடுத்தேன் என்று அவர் புகாரில் சொல்லியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது பச்சைப் பொய். அந்தப் பொம்மையில் விரிசலே கிடையாது.

அதன்பிறகு நான் புதிய பொம்மையைச் செதுக்கி முடித்து, எண்ணெயும் விளக்குக் கரியும் தேய்த்து அடியைக் கறுக்க வைத்து, இரண்டையும் ஒரே பலகையில் நிறுத்திவிட்டு, சாக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு நிலை வைக்கப் போய்விட்டேன். நான் போன பின் குழந்தைக்கு நெற்றியில் வேனல் கட்டி கிளம்பி ஓயாமல் அழுதிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு மரப்பாச்சியைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். புதியதில் நான் கரி பூசியதைப் பார்த்திருந்ததால், முத்துமாரி பழையதை எடுத்து அடியை இழைத்துப் பிள்ளைக்குப் பூசிவிட்டு, கழுவித் துடைத்துத் திரும்பவும் பலகையில் வைத்திருக்கிறாள். பிள்ளை பெற்ற யாரும் செய்வதைத்தான் அவள் செய்தாள்.

அன்று மாலை உடையப்பன் வந்து, இரண்டையும் திருப்பிப் பார்த்து, அடி கறுத்திருந்த என் பொம்மையைப் பழசென்று எடுத்துக்கொண்டு, இழைத்ததால் சிவந்திருந்த அசலை என் மனைவியிடமே கொடுத்து, "இதுக்கு அடி இன்னும் செவசெவன்னு இருக்கு ஆத்தா, ஒம் வீட்டுக்காரர்ட்டச் சொல்லி நல்லாக் கறுக்க வைக்கச் சொல்லு, அடுத்த தடவை வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இழைத்ததைக் கண்டுபிடித்துத் திட்டுவாரோ என்று பயந்துபோய் அவள் வாய் திறக்கவில்லை.

நான் வீடு திரும்பியதும் அவர் சொன்னதை மட்டும் சொன்னாள், இழைத்ததைச் சொல்லவில்லை. நானும் அது என் கைவேலை, முன்பு பூசிய கரி சரியாகப் பிடிக்கவில்லை என்றே நம்பி, மறுபடியும் கரி தேய்த்து அடியைக் கறுப்பாக்கினேன். அதன்பிறகு அதன் முகத்தைப் பார்த்து, பழசுக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கர்வம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

பெங்களூர்க்காரர் தன்னிடம் வந்த பொம்மையை ஈரத்துணியால் துடைத்தபோது கரி துணியோடு வந்துவிட்டதாம். அவர் உடையப்பனைக் கேட்க, உடையப்பன் என்மேல் புகார் கொடுக்க, போலீஸார் என் வீட்டுக்கு வந்து அசலைக் கைப்பற்றி, அடையாளத்தை மறைக்கவே அடியில் கரி பூசியிருக்கிறேன் என்றார்கள். நான் சட்டை மாட்ட உள்ளே போனபோது முத்துமாரி பின்னாலேயே வந்து, "நாந்தேங்க அதைப் புள்ளைக்கு எழைச்சேன்" என்று அழுதாள். எனக்கு அப்போதுதான் நடந்தது எல்லாம் விளங்கியது.

இதை நான் சார்பு ஆய்வாளர் கிறிஸ்டி அம்மாவிடம் சொன்னேன். அவர் என் மனைவியை வரவழைத்து, என்னைப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, "லட்சக்கணக்குல விலை போற பொம்மையைக் கல்லுல தேச்சது நீதானா?" என்று கேட்டார். முத்துமாரி மேஜையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாமி சத்தியமா அதை நான் தொட்டதே இல்லைங்கம்மா" என்றாள். இழைத்ததுதான் குற்றம், அதற்குத்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். வெளியே போகும்போது என் பக்கம் குனிந்து, "ஒன்னும் பயப்படாதீக" என்றாள். என்னைக் காப்பாற்றிவிட்ட தெம்பு அவள் முகத்தில் தெரிந்தது.

அதன்பிறகு கிறிஸ்டி அம்மா, "நீ சொல்றதும் அவ சொல்றதும் ரெண்டும் உண்மையா இருக்க முடியாதுப்பா. எதை எழுத?" என்று கேட்டார். அவள் சொன்னது பொய்யென்று நான் சொன்னால், அவளையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார். குழந்தை இன்னும் தாய்ப்பால்தான் குடிக்கிறது.

நான் மேலே சொன்னது அத்தனையும் உண்மை. என் மனைவி முத்துமாரி பொய் சொல்கிறவள் இல்லை. இரண்டையும் இப்படியே எழுதச் சொன்னேன், எழுதினார்கள். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) கோ. ஆசைத்தம்பி