இடது காலுக்கும் ஒரு செருப்பு

யுத்த காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சயான் ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறிய தாராவித் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கணவரின் இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. வலது காலில் புதுச் செருப்பு. அதன் ஜோடி மனைவியின் மடியில் இருந்தது.

"ஒண்ணு போதும்னுதான செருப்பு தைக்கிறவரு சொன்னாரு? நீங்கதான் கேக்கல" என்றாள் அவள்.

"கல்யாண வீட்டு வாசல்ல எல்லாச் செருப்பும் ஜோடியாக் கிடக்கும். எஞ் செருப்பு மட்டும் ஒத்தையாக் கிடக்கணுமோ?"

"அதுக்காகவா?"

"அதுக்கு மட்டுமில்ல. அந்தக் காலு இப்பவும் இருக்குட்டி. பெருவிரல் அரிக்கி. மழை பெஞ்சா குளுருது. அத வெறுங்காலா விடச் சொல்லுதியா?"

"டாக்டரு எடுத்தாச்சுன்னாரே."

"அவரு கண்ணுக்குத் தெரியல. எனக்குல்லா தெரியுது! வலது கால அளந்துட்டு, ரெண்டுக்கும் இதே அளவு போதும்னாரு அந்தச் செருப்புக்காரரு. இடது காலு ஒரு நூல் அகலம் கூடன்னு நான்தான் சொல்லித் தைக்க வச்சேன்."

மாட்டுங்கா நெருங்கியது. அவள் குனிந்து, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தச் செருப்பை வைத்தாள்.

"சரியா இருக்கா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை லேசாக அசைத்துப் பார்த்தார்.

"சுண்டுவிரல் பக்கம் லேசாக் கடிக்கி. போடப் போடச் சரியாயிரும்."